போலரைசர் ஷீட்: சாணி வண்டு படிக்கும் வானத்தை நாமும் கொஞ்சம் படிக்கலாம்

பன்னிரண்டாம் வகுப்புக்குத் தளவிளைவுப் பாடம் நடத்தும் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு போலரைசர் ஷீட் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏ4 அளவில், வெயில் கண்ணாடி மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். ஒளி எல்லாத் திசையிலும் அதிராமல் ஒரே திசையில் அதிர்வதுதான் தளவிளைவு; இந்தத் தாள் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். விலை சில நூறு ரூபாய்தான். நான் வாங்கியது பாடத்துக்காக மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு சாணி வண்டு நிலா வெளிச்சத்தின் தளவிளைவைப் பார்த்து நேர்கோட்டில் நடக்கிறது என்று படித்த நாளிலிருந்து, அது பார்ப்பதில் கொஞ்சமாவது நானும் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிவி பேனல் சர்வீஸ் செய்பவர்கள் பயன்படுத்தும் ஷீட்டில் ஒரு பக்கம் பசை இருக்கும். அது நமக்கு வேண்டாம். பசை இல்லாத 'லீனியர்' ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். கேமராவில் மாட்டும் சிபிஎல் ஃபில்டர் (அதுவும் ஒரு வகை போலரைசர்தான்) வீட்டில் இருந்தால் அதுவும் போதும். ஆனால் அதன் ஒரு பக்கம் வழியாகப் பார்த்தால்தான் வேலை செய்யும், விலையும் அதிகம்.

ஷீட்டில் எந்தத் திசை எது என்று எதுவும் குறித்திருக்காது. ஈரத் தரையிலோ டைல்ஸிலோ பளபளக்கும் ஒளியை ஷீட் வழியாகப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். பளபளப்பு சட்டென்று அடங்கும் இடத்தில் மேலும் கீழுமாக ஒரு கோடு போட்டு வையுங்கள். அதுதான் ஷீட்டின் அச்சு, அதாவது அது உள்ளே விடும் ஒளி அதிரும் திசை.

இனி வானம். அதன் நீல வெளிச்சமும் ஓரளவு தளவிளைவு அடைந்ததுதான். சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தில், மேகமில்லாத நாளில், மொட்டை மாடியில் நின்று தலைக்கு நேர் மேலே ஷீட்டைப் பிடியுங்கள். அந்தக் கோடு தெற்கு வடக்காக இருக்கும்போது வானம் வெளிச்சமாகத் தெரியும். கிழக்கு மேற்காகத் திருப்பினால் இருண்டு போகும். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானப் பட்டையில் இந்த விளைவு மிக அதிகம். சூரியன் நகர நகர இந்தப் பட்டையும் நகரும். எங்கள் பள்ளி மாடியில் பிள்ளைகளிடம் கொடுத்தபோது ஒருத்தி, "மிஸ், சூரியனைப் பார்க்காமலே சூரியன் எங்கே இருக்குன்னு சொல்லிடலாம் போல இருக்கே!" என்றாள். சாணி வண்டு செய்வது அதைத்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த ஷீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

வண்டுக்கு இது எதற்கு? ஒரு சாணக் குவியலைச் சுற்றி வண்டுக் கூட்டமே மொய்க்கும். உருண்டை பிடித்த வண்டு சீக்கிரம் விலகிப் போகாவிட்டால் இன்னொன்று வந்து பறித்துக்கொள்ளும். தப்பிக்கக் குறுகிய வழி நேர்கோடு. வண்டு தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு, பின்பக்கமாகவே நடக்கிறது. முன்னே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வசதியே கிடையாது. அதனால் புறப்படும் முன் உருண்டையின் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. வழியில் உருண்டு விழுந்தால் மறுபடி ஏறிச் சுற்றுகிறது. எந்தத் திசையானாலும் பரவாயில்லை, எடுத்த திசை மாறக் கூடாது. அவ்வளவுதான் அதன் தேவை.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டாக்கேயும் அவர் குழுவினரும் 2003-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது, நிலவொளியின் தளவிளைவை வைத்து வண்டு இப்படி நேர்கோட்டில் போவதைப் பற்றித்தான். அவர்கள் ஆராய்ந்த வண்டின் பெயர் ஸ்கேரபேயஸ் ஜாம்பேசியானஸ். நிலவொளியில் உருட்டிக்கொண்டு போகும் வண்டின் மேல் ஒரு போலரைசரைப் பிடித்து, வானத்து ஒளி அதிரும் திசையை 90 டிகிரி மாற்றிக் காட்டினார்கள். வண்டும் கிட்டத்தட்ட அதே அளவு திரும்பி நடந்தது. நம் கையில் இருக்கும் பொருளின் தத்துவம்தான் அங்கேயும். இதை வகுப்பில் சொல்லிவிட்டு ஷீட்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், தளவிளைவு என்பது பரீட்சைக்கான ஐந்து மார்க் கேள்வியாக இனி இருக்காது.

ஷீட்டின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. நாம் ஷீட்டைத் திருப்பித் திருப்பி, வெளிச்சமும் இருட்டும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வண்டின் கண்ணில், மேல் ஓரத்தில், ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளுக்கென்றே தனித்தனி உணர்செல்கள் இருக்கின்றன. அதுவும் முழு நிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு குறைவு. பௌர்ணமி இரவில் வெறும் கண்ணால் ஷீட் வழியாகப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போனை ஸ்டாண்டில் வைத்து, ப்ரோ மோடில் எக்ஸ்போஷரை மாற்றாமல், ஷீட்டைத் திருப்பி இரண்டு படம் எடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பல நொடி எக்ஸ்போஷரில் போன் பார்த்ததை வண்டு நடந்துகொண்டே பார்த்துவிடுகிறது.

நிலா இல்லாத இரவுக்கு இந்த ஷீட் உதவாது. அதற்கு வண்டிடம் வேறு வழி இருக்கிறது. டாக்கேவும், ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் பைர்னும் மற்றவர்களும் ஸ்கேரபேயஸ் சாட்டைரஸ் என்ற இன்னொரு வண்டைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோய் விட்டார்கள். முழு நட்சத்திர வானத்தைக் காட்டினாலும் சரி, பால்வெளிப் பட்டையை மட்டும் காட்டினாலும் சரி, வண்டு ஏறக்குறைய ஒரே போல வழி கண்டது. வெட்டவெளியில் தலையில் அட்டைத் தொப்பி மாட்டி வானத்தை மறைத்தபோது தடுமாறிச் சுற்றியது. வானம் ஊடுருவித் தெரியும் தொப்பி மாட்டியதற்கு ஒரு குழப்பமும் இல்லை. தொப்பியின் கனம் காரணமல்ல என்பதை உறுதிசெய்ய அப்படி ஒன்று! 2013-ல் வெளிவந்த ஆய்வு இது. பின்னால் நகர விளக்குகளின் கீழும் சோதித்தார்கள். நட்சத்திரம் மறைந்துபோன வண்டுகள் விளக்கையே பிடித்துக்கொண்டு போயின. ஆளாளுக்கு வெவ்வேறு திசையில் கலைந்து போவதுதான் திருட்டிலிருந்து தப்பும் வழி. எல்லாம் ஒரே விளக்கை நோக்கிப் போனால் அந்த வழியும் அடைபடுகிறது. படித்தபோது மனசு கஷ்டப்பட்டது.

சரி, ஷீட்டின் குறைகள். நகம் பட்டாலே கீறல் விழுகிறது. கார் டேஷ்போர்டு வெயிலில் விட்டால் சுருண்டுவிடும். தூசியும் புகையும் கலந்த வானத்தில் விளைவு மங்கிவிடும், மழை விட்ட மறுநாள் அருமையாகத் தெரியும். மேகத்தில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளிடம் கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இது வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. இருட்டாகத் தெரிவதால் பாதுகாப்பு என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் கண்ணைக் கெடுக்கும் அகச்சிவப்பு இதைத் தாண்டி வரும்.

ஏ4 ஒன்றை ஆறு துண்டாக வெட்டினால் ஒரு வகுப்புக்குப் போதும். வெட்டும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் அச்சுக் கோட்டை மார்க்கரால் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை வானம் பார்க்கப் போகும்போது மட்டும் உரியுங்கள்.