லைஃப்டைம் மெம்பர்ஷிப் ஆஃபரில் ஜிம்முக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

நாற்பதைத் தாண்டிய பிறகு ஜிம்மில் சேர நினைப்பவர்கள், குறிப்பாகக் கோவைக்காரர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "ஒரே பேமென்ட், ஆயுசுக்கும் வரலாம்" என்ற பொங்கல் ஆஃபரில் 22,000 ரூபாய் கட்டினேன். பர்சனல் ட்ரெய்னிங்குக்குத் தனியாக 15,000. வருஷம் திரும்புவதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். புகார் கொடுக்கப் போவதால் ஜிம்மின் பெயரைப் போடவில்லை.

பணம் போனதைவிட, அங்கே சொல்லிக்கொடுத்த லட்சணம்தான் ஆத்திரம். முதல் நாள் ஒரு சீனியர் கோச் வந்தார். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார், பழைய அடி உண்டா, பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார். விஷயம் தெரிந்த ஆள். அதோடு சரி, அவர் என் பக்கமே வரவில்லை. புது ஆட்களைச் சேர்க்கும்போது மட்டும் வந்து நிற்பார்.

எனக்கு வாய்த்தது காதில் புளூடூத்தோடு ரெப்ஸ் (எத்தனை முறை தூக்கினேன் என்று) எண்ணும் ஒரு பையன். எனக்கென்று ஒரு சார்ட் கொடுத்தான். ஜெராக்ஸ். மேலே யாருடைய பெயரிலோ வைட்னர் அடித்து, அதன்மேல் என் பெயர். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் பைசெப்ஸ் (மேல்கையின் முன்தசை) என்று பாடிபில்டிங் போட்டி மேடையேறப் போகிறவனுக்கான அட்டவணை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான். புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குவது), தள்ளுவது, இழுப்பது, எடை தூக்கி நடப்பது என்று நாலைந்து அசைவுகளை ஒழுங்காகப் பழக்கினாலே எவ்வளவோ. புதன்கிழமை முழுக்க பைசெப்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அந்த சார்ட்டில் எடை எழுதும் கட்டம் கடைசிவரை காலி. போன வாரம் எத்தனை கிலோ தூக்கினேன் என்று கேட்டால், "ஃபீல் வந்தா போதும்ணா" என்பான். வலு கூடுவது சுமை படிப்படியாகக் கூடுவதால்தான். இன்றைக்கு 20 கிலோ சுத்தமாக வந்தால், அப்புறம் 22.5. எழுதி வைக்காமல் இது நடக்காது. கணக்கு எழுதாத ட்ரெய்னர் பயிற்சி கொடுக்கவில்லை, பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

இன்ஸ்டா ரீல்ஸுக்காக ஒருநாள் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் எனக்குப் பிளேட்டுக்கு மேல் பிளேட் ஏற்றினான். என் முட்டி பிடித்துக்கொண்டது. அதற்கு அவர்கள் சொன்ன வைத்தியம், ரிசப்ஷனில் விற்கிற புரோட்டீன் டப்பா. திருப்பிப் பார்த்தேன், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண்ணே இல்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் 'ரெனோவேஷன்' போர்டு. சில வாரம் கழித்து வேறு பெயரில் திறந்தார்கள். அதே ட்ரெட்மில், அதே ரிசப்ஷன் பெண். "பழைய மேனேஜ்மென்ட் வேற சார், உங்களுக்குன்னா ஃபிஃப்டி பர்சென்ட் ஆஃப் தரோம்" என்றார். என் 22,000-க்கு அதுதான் பதில்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். ஜிம் தரப்பிலிருந்து பதிலே வரவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

சேரப்போகிறவர்கள், எவ்வளவு தள்ளுபடி ஆசை காட்டினாலும் மூன்று மாதத்துக்கு மேல் மொத்தமாகக் கட்டாதீர்கள். ஜிஎஸ்டி பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறோம் என்றால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். பணத்தை ஓனரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் நிறுவனத்தின் கணக்கில் போடுங்கள். உங்களுக்கு யார் பயிற்சி தரப்போகிறார் என்று கேட்டு, அவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதை அரைமணி நேரம் நின்று பாருங்கள். அந்த ஆளின் கையில் எடைக் கணக்கு எழுதும் நோட்டு இருக்கிறதா என்பதையும்.

என்னைப் போலவே அங்கே கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ரசீது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் ஆஃபர் மெசேஜும் இருந்தால் எடுத்து வையுங்கள்.