டிரம்மா, பலூனா, கம்போஸ்ட் தொட்டியா? சென்னை வீட்டுக்கு எது சரிப்படும்

கிச்சன் வேஸ்ட்ல கேஸ் எடுக்கலாமான்னு யார் கேட்டாலும் நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், உங்க வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வேஸ்ட் விழுது? மிச்ச சோறு, குழம்பு, காய்கறி தோல் எல்லாம் கலந்து ஒரு கிலோ போட்டா சுமாரா 100 லிட்டர் பயோகேஸ் (மூடின தொட்டில பாக்டீரியா வேஸ்ட தின்னு விடற எரியற கேஸ்) வரும், சின்ன பர்னர்ல 20, 25 நிமிஷம் எரியும். 4 பேர் இருக்கற வீட்ல ஒரு கிலோ சேர்றதே பெருசு, அப்போ காலைல பால் காய்ச்சி காபி போடறதோட கேஸ் காலி. அதுவே தினம் 5 கிலோ போட்டா அரை கன மீட்டர் வரும், அது கால் கிலோ எல்பிஜிக்கும் கொஞ்சம் கம்மி, அப்படி பார்த்தா ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சமாக ரெண்டு மாசம் ஆகும். சிலிண்டரே வேண்டாம்னு சொல்லி விக்க வர்றவங்ககிட்ட இந்த கணக்க போட்டு காட்டுங்க.

மிதக்கும் டிரம்தான் என் ஓட்டு, ஆனா வேஸ்ட் 4, 5 கிலோ தேறி, கீழ இடமும் இருக்கறவங்களுக்கு மட்டும். பெரிய தொட்டிக்குள்ள கவுத்து வச்ச இன்னொரு தொட்டி, கேஸ் சேர சேர மேல எழும்பும். முன்னாடி சாண எரிவாயுன்னா கூடை கூடையா சாணி வேணும், சிட்டில யாரும் திரும்பி கூட பார்க்கல. புனேல ஆனந்த் கார்வே ஆரம்பிச்ச ஆர்த்தி அமைப்புதான் மாவுச்சத்து இருக்கற வேஸ்ட நேரா போட்டா கொஞ்சத்துலயே நிறைய கேஸ் வரும்னு பிளாஸ்டிக் தண்ணி டேங்க வெட்டி செஞ்சு காட்டுச்சு, 2006ல சுத்தமான எரிசக்திக்கு தர்ற ஆஷ்டன் விருதும் வாங்குச்சு.

ஆதம்பாக்கத்துல எங்க அத்தை வீட்ல கிணத்தடி பக்கத்துல இதுதான் ஓடுது, மாடி போர்ஷன், பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்து போடறாங்க. காலைல டிரம் எவ்ளோ எழும்பியிருக்குன்னு பார்த்துட்டுதான் இன்னிக்கு பருப்பு இதுலயா சிலிண்டர் அடுப்புலயான்னு அத்தை முடிவு பண்ணுவாங்க. அரிசி களைஞ்ச தண்ணி, வடிச்ச கஞ்சி, மாவு பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான் போகும், மெட்ரோ வாட்டர் தனியா செலவே இல்ல. ஒரு தடவை பக்கத்து வீட்ல விசேஷம் முடிஞ்சு மிஞ்சின பிரியாணிய அப்படியே அண்டாவோட கொட்டிட்டாங்க, உள்ள புளிச்சு போய் டிரம் எழும்புது ஆனா தீக்குச்சி வச்சா பிடிக்கவே இல்ல, ஏன்னா வந்ததுல பாதிக்கு மேல கார்பன் டை ஆக்சைடு. தீனிய நிறுத்திட்டு சாணிக் கரைசல் ஊத்தி விட்டப்புறம்தான் மெல்ல நீல ஜுவாலை திரும்ப வந்துச்சு.

டிரம்ல பெரிய குறை கொசு. ரெண்டு தொட்டிக்கும் நடுவுல இருக்கற இடுக்குல கரைசல் திறந்தே கிடக்கும், நாத்தமும் அங்கருந்துதான். அதனால வாட்டர் ஜாக்கெட், அதாவது அந்த இடுக்குல கரைசலுக்கு பதிலா தண்ணி நிக்கற மாதிரி செஞ்ச மாடல் மட்டும் வாங்குங்க, அந்த தண்ணிலயும் கொஞ்சம் எண்ணெய் விட்டு வைங்க, இல்லன்னா டெங்கு சீசன்ல மாநகராட்சி ஆளுங்க வந்து நிப்பாங்க. மொட்டை மாடில வைக்கணும்னா இஞ்சினியர கேக்காம வைக்காதீங்க, 1000 லிட்டர் நிரம்புனா ஒரு டன் எடை, பழைய கட்டடம் தாங்கணுமே.

பலூன் டைப்னா தொட்டிக்கு பதிலா கரைசலும் கேஸும் நிக்கற பிளாஸ்டிக் ஷீட் பை, விலை கம்மி, சுருட்டி வண்டில எடுத்துட்டு வரலாம், அவ்ளோதான் அதோட பெருமை. எலி கடிக்கும், சித்திரை வெயில்ல ஷீட் தளர்ந்து போகும், பிரஷர் பத்தாம மேல மணல் மூட்டை வைக்கணும். வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி தண்ணி நிக்கற ஏரியான்னா யோசிக்கவே வேண்டாம், 2023 டிசம்பர் மிக்ஜாம் மழை மாதிரி ஒண்ணு வந்தா கேஸ் நிரம்பின பலூன் அப்படியே தூக்கிட்டு போயிடும், பைப் பிடுங்கிக்கும்.

பிளாட்ல ரெண்டு, மூணு பேர் இருக்கீங்கன்னா கம்போஸ்ட் தொட்டிதான், தயங்கவே வேண்டாம். தேங்கா நார் கழிவும் காஞ்ச இலையும் இருந்தா போதும், ஒண்ணரை, ரெண்டு மாசத்துல உரம். ஒரு விஷயம் கவனிங்க, கம்போஸ்ட்டும் பயோகேஸும் சாப்பிடறது வேற வேற. சோறு, குழம்பு, பழைய மாவு கம்போஸ்ட்ல போட்டா ஈரமாகி நாறும், புழு வைக்கும், பயோகேஸ்ல அதுதான் முதல் தர தீனி. வெங்காயத் தோல், கீரைத் தண்டு, இலை தழை கம்போஸ்ட்டுக்கு சரி, பயோகேஸ் தொட்டில மேல மிதந்து அடைச்சுக்கும். எலுமிச்சை தோல் நிறைய போட்டா அதுல இருக்கற எண்ணெய் பாக்டீரியாவ கொன்னுடும். முட்டை ஓடு, எலும்பு போட்டா அடியில போய் தங்கிடும். இடம் இருக்கறவங்க ரெண்டையும் வச்சுக்கறதுதான் ரொம்ப நல்லது.

எதுவுமே முடியலன்னா பிரிச்சாவது மாநகராட்சி பேட்டரி வண்டில கொடுங்க, கலந்து போட்டா பெருங்குடி இல்ல கொடுங்கையூர் குப்பைக் கிடங்குதான், அங்க சுத்தி குடியிருக்கறவங்களும் நம்ம ஜனங்கதானே.

டிரம் வாங்க முடிவு பண்ணிட்டீங்கன்னா அடுப்பையும் கேட்டு வாங்குங்க, சாதாரண எல்பிஜி அடுப்பு ஜெட் ஓட்டை சின்னது, இந்த கேஸுக்கு பெருசு வேணும். உள்ள பாக்டீரியா சேர முதல் தடவை மட்டும் சாணிக் கரைசல் ஊத்தணும், அந்த சாணிக்கு திருவல்லிக்கேணி பக்கம் மாடு வச்சிருக்கறவங்கள கேட்டா கிடைக்கும். பங்குனி, சித்திரைல ஆரம்பிச்சா ரெண்டு, மூணு வாரத்துல எரியற கேஸ் வந்துடும், ஐப்பசி மழைல ஆரம்பிச்சா இழுத்தடிக்கும்.