அசலும் எடிட்டும் பிரியாமல் இருக்க: டிஜிகேமோடு சில வருடங்கள்

போட்டோக்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் என்றால், தேடல் வேகமாக இருக்கிறதா, முகங்களை அடையாளம் காட்டுகிறதா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எனக்கு அவை இரண்டாம்பட்சம். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு, கூடவே வந்த ஜேபெக், டார்க்டேபிள் என்ற ரா எடிட்டரில் எடிட் செய்து எடுத்தது, பிரிண்டுக்காக வெட்டியது, வாட்ஸ்அப்புக்காகச் சுருக்கியது என்று ஒரே படத்துக்கு ஐந்து கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. இவை ஐந்தும் ஒரே படம்தான் என்பது மென்பொருளுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அந்த உறவை எங்கே எழுதி வைக்கிறது? டிஜிகேம் என்ற போட்டோ மென்பொருளை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததே கூகுளின் பழைய போட்டோ மென்பொருளான பிக்காசாவால். அது அசலைத் தொடாமல் எடிட் செய்யும்; செய்த மாற்றங்களை அதே ஃபோல்டரில் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில் குறித்துக்கொள்ளும். 'சேமி' கொடுத்தால் எடிட் செய்த படம் அசலின் பெயரை எடுத்துக்கொள்ளும். அசல், மறைவாக இருக்கும் ஒரு துணை ஃபோல்டருக்குள் போய்விடும். பிக்காசாவுக்குள் இருக்கும்வரை எந்தக் குழப்பமும் தெரியாது. கூகுள் 2016 மார்ச்சில் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதே ஃபோல்டரை வேறு மென்பொருளில் திறந்தால், சேமிக்காத எடிட்டுகள் ஒன்றும் தெரியாது. சேமித்தவற்றின் அசல்களும் கண்ணில் படாது. பழைய வீட்டுக் கணினியின் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யப் போகிறவர்கள், மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் காட்டச் சொல்லி ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் அசல்கள் அங்கேயே இருக்கலாம்.

சரி, டிஜிகேமுக்கு வருவோம். கேடிஇ குழுமத்தின் இலவச, திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படங்களைத் தன் வசம் இழுத்துக்கொள்ளாது. டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்தான் அதற்கு ஆல்பம். டேக் (படத்துக்கு நாம் போடும் அடையாளச் சொல்), ரேட்டிங் போன்றவற்றின் பட்டியலை மட்டும் தனியாக ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது. சாதாரணப் பயனருக்கு அது ஒரு எஸ்கியூலைட் கோப்பு. படங்கள் வெளி டிஸ்க்கில் இருந்தாலும் பரவாயில்லை, டேட்டாபேஸைக் கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் வையுங்கள். நெட்வொர்க் டிஸ்க்கில் எஸ்கியூலைட்டை வைப்பது நல்ல யோசனை இல்லை.

அசல், எடிட் விஷயத்தில் டிஜிகேமுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது அதன் சொந்த எடிட்டரின் பதிப்பு முறை. அதில் ஒரு படத்தைத் திருத்திச் சேமித்தால் அசல் அப்படியே இருக்கும். பெயரின் கடைசியில் வி1 என்று சேர்ந்து புதுக் கோப்பு வரும். வலப்பக்கப் பட்டையில் 'பதிப்புகள்' என்ற இடத்தில் எதிலிருந்து எது வந்தது என்று ஒரு மரம்போலக் காட்டும், என்னென்ன மாற்றம் செய்தோம் என்பதும் அங்கேயே தெரியும். புதிதாக வருபவர்களைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு: சேமித்தவுடன் ஆல்பத்தில் அசல் தெரியாது, புதிய பதிப்பு மட்டும் தெரியும். கோப்பு எங்கேயும் போகவில்லை, காட்சியில் ஒளித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் 'அசலை எப்போதும் காட்டு' என்ற தேர்வு இருக்கிறது. நான் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுவேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், ரா கோப்புகளை எடிட் செய்ய நான் அந்த எடிட்டரைத் திறப்பது அபூர்வம். வேடந்தாங்கலில் காலை வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த மஞ்சள் மூக்கு நாரையின் இறகில் விவரத்தை மீட்க வேண்டுமென்றால் டார்க்டேபிள்தான். ஒட்டு வேலை இருந்தால் கிம்ப் என்ற பட எடிட்டர். வெளியே எடிட் செய்து வந்த கோப்பு, எந்த அசலின் பிள்ளை என்பது டிஜிகேமுக்குத் தானாகத் தெரியாது. பதிப்பு மரத்தில் அது சேராது. என்னைப்போன்றவர்களுக்கு உதவுவது இரண்டாவது வழியான குழு.

ஒரு படத்தை இன்னொன்றின் மேல் இழுத்துவிட்டால் இரண்டும் ஒரு குழு. மேலே இருப்பது தலைப்படம். மற்றவை அதன் அடியில் மடங்கிக்கொள்ளும். பெயர் ஒன்றாக இருந்தால் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'கோப்புப் பெயர்படி குழுவாக்கு' என்று சொல்லலாம். ரா கோப்பும் அதன் ஜேபெக்கும் ஒரே சொடுக்கில் ஜோடி சேர்ந்துவிடும். நேரத்தை வைத்தும் குழுவாக்கலாம். பறவை படம் எடுப்பவர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும்: விடாமல் படபடவென்று எடுத்த தொடர் படங்கள், தனித்தனிப் படங்கள்தான் என்றாலும், நேரம் ஒட்டியிருப்பதால் ஒரே மூட்டையில் விழுந்துவிடும். எடிட் செய்த படத்தைத் தலைப்படமாக வைப்பது என் பழக்கம். ஆல்பத்தை ஓட்டிப் பார்க்கும்போது முடிந்த படம்தானே தெரிய வேண்டும், மங்கலான ரா எதற்கு?

குழுவின் இன்னொரு நன்மையை நான் மெதுவாகத்தான் மதிக்கத் தொடங்கினேன். எடிட்டை எடுத்த பிறகு அசலுக்கு ஒரு டேக் போட்டால், எடிட்டுக்கு அது போகாது. இரண்டும் தனித்தனிக் கோப்புகள். பிறகு 'கூழைக்கடா' என்று தேடினால் ரா மட்டும் வரும், முடித்த படம் வராது. செட்டிங்ஸில் குழுச் செயல்கள் என்ற பகுதியில், மடங்கிய குழுவின் தலைப்படத்துக்குச் செய்வதை எல்லா உறுப்பினருக்கும் செய்யட்டுமா, கேட்கட்டுமா என்று ஒவ்வொரு வகைச் செயலுக்கும் சொல்லி வைக்கலாம். டேக், ரேட்டிங்குக்கு 'ஆம்' என்று வைத்திருக்கிறேன்.

இவ்வளவு வசதியான குழுவை நம்பி எல்லாவற்றையும் விடலாமா என்றால், கூடாது. டேக், ரேட்டிங், தலைப்பு எல்லாவற்றையும் டிஜிகேம் கோப்புக்குள்ளோ பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சின்னத் துணைக் கோப்பிலோ எழுதி வைக்கும். குழுவை எழுதாது, அது டேட்டாபேஸில் மட்டும் இருக்கிறது. புதுக் கணினியில் காலியான டேட்டாபேஸோடு ஆரம்பித்து அதே டிஸ்க்கைக் காட்டினால் டேக்குகள் திரும்பி வரும், குழுக்கள் வராது. இது டிஜிகேமுக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. அடோபியின் லைட்ரூம் கிளாசிக்கில் ஒரே ராவுக்கு வண்ணத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று உருவாக்கும் மெய்நிகர் நகல்கள் அதன் கேட்டலாக் கோப்பில் மட்டும்தான் உயிர்வாழ்கின்றன, எக்ஸ்எம்பிக்குப் போவதில்லை. படங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக மடக்கும் அதன் அடுக்கு வசதியும், ஃபோல்டர் பார்வையில், ஒரே ஃபோல்டரில் உள்ள படங்களுக்கு மட்டும்தான்; அசல் ஒரு ஃபோல்டர், எடிட் வேறு ஃபோல்டர் என்று வைப்பவர்களுக்கு உதவாது.

ஆகவே அசல் எது, எடிட் எது என்ற உறவை நான் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன். கேமரா தரும் எண் நான்கு இலக்கம்தான். 9999 ஆனதும் மறுபடி 0001. அதை மட்டும் நம்பினால் இரண்டு வெவ்வேறு படங்களுக்கு ஒரே பெயர் வரும் நாள் நிச்சயம். கார்டிலிருந்து இறக்கும்போதே டிஜிகேம் பெயரை மாற்றித் தரும்: தேதி, நேரம், பிறகு கேமராவின் எண். 20231217_071532_4711 என்பதுபோல. எடிட் செய்து எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் இதே பெயர், கடைசியில் மட்டும் ஒரு வால்: முழு அளவு எடிட்டுக்கு 'எடிட்', பிரிண்டுக்கு 'பிரிண்ட்', சின்னதுக்கு 'வலை'. டார்க்டேபிளின் ஏற்றுமதி வார்ப்புருவில் இந்த வாலை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம். பெயர் வரிசையில் அடுக்கினால் குடும்பம் முழுதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எந்த மென்பொருளும் இல்லாமல், வெறும் ஃபைல் மேனேஜரிலும்.

எக்ஸ்எம்பி பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். டிஜிகேமும் டார்க்டேபிளும் ராவின் முழுப் பெயரோடு, அதன் நீட்டிப்பையும் விடாமல், எக்ஸ்எம்பி என்று சேர்த்து ஒரே கோப்பில் எழுதுகின்றன. அடோபி மென்பொருள்கள் ராவின் நீட்டிப்பை விட்டுவிட்டு எழுதும். அவற்றோடு சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்காக டிஜிகேமில் ஒரு தேர்வு இருக்கிறது. ஒரே கோப்பில் இரண்டு பேர் எழுதுவதில் ஆபத்து உண்டு: டிஜிகேமில் போட்ட டேக்கை டார்க்டேபிள் படிக்காமலே, தன்னிடம் இருக்கும் பழைய விவரத்தை அதன்மேல் எழுதிவிடலாம். டார்க்டேபிள் செட்டிங்ஸில், திறக்கும்போது மாறிய எக்ஸ்எம்பிகளைத் தேடு என்ற தேர்வைப் போட்டு வையுங்கள். அதோடு வரிசையும் முக்கியம். டேக் வேலையை முதலில் டிஜிகேமில் முடித்துவிட்டு, அதை மூடி, அப்புறம் டார்க்டேபிளைத் திறக்கிறேன். இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைத்து வேலை செய்வதில்லை.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது? 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் கோப்பாக, சுருக்காமல் சேமித்தால் 144 எம்பி. டார்க்டேபிளின் எடிட் முழுவதும் சில கேபி எக்ஸ்எம்பியில் அடங்குகிறது. அதனால் கிம்பில் கைவேலை செய்த படத்துக்கு மட்டும்தான் டிஃப் வைக்கிறேன்; மற்றதை எப்போது வேண்டுமானாலும் ராவிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'வலை' என்று வால் உள்ளவற்றை அவ்வப்போது தேடி மொத்தமாக அழித்துவிடுகிறேன்.

குறை என்றால், குழுவை எக்ஸ்எம்பியில் எழுதாததுதான் பெரிய குறை. அடுத்தது, செட்டிங்ஸ் ஒரு காடு. மெட்டாடேட்டா (டேக், ரேட்டிங் போன்ற விவரங்கள்) பகுதியில் மட்டுமே டிக் போட அத்தனை டப்பாக்கள். புதிதாக நிறுவுபவர்கள் அங்கே ஒரே ஒரு முடிவை எடுத்தால் போதும்: எழுத முடியாத கோப்புகளுக்கு மட்டும் எக்ஸ்எம்பி, ஜேபெக்குகளுக்கு உள்ளேயே எழுது. ராவுக்குள் எழுதும் தேர்வை எடுக்காமல் விட்டுவிடுங்கள். மாதச் சந்தா கட்டி லைட்ரூமில் ஏற்கெனவே இருப்பவர்களை இதற்காக மாறச் சொல்ல மாட்டேன். அங்கேயும் பெயருக்கு வால் வைக்கும் முறை அப்படியே வேலை செய்யும். ராவும் எடிட்டுமாக நிறைய வைத்திருந்து, சந்தா கட்ட விருப்பமில்லாதவர்கள், ஒரே ஒரு பயண ஃபோல்டரின் நகலை எடுத்து அதில் டிஜிகேமை ஓட்டிப் பாருங்கள். முழு டிஸ்க்கையும் முதல் நாளே காட்டாதீர்கள். எல்லாப் படத்தையும் அது அலசி முடிக்க நேரம் எடுக்கும்.