ஜி.ஐ. கண்டூட்டுக்குப் பணம், போட்டதோ பெயிண்ட் அடித்த பி.வி.சி. பைப்: ஏ.சி. ஒயரிங் கொடுப்போர் கவனத்திற்கு

கோயம்புத்தூரில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு மூன்று பேஸ் ஏ.சி. அமைத்தபோது, மின்பலகையிலிருந்து மொட்டைமாடி அவுட்டோர் யூனிட் வரை முழுவதும் கனமான ஜி.ஐ. கண்டூட் பைப்பில் (ஒயரைப் பாதுகாக்கும், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒயரிங் செய்வதாக ஒப்பந்ததாரர் விலைப்புள்ளியில் எழுதிக் கொடுத்து, அதற்குரிய தொகையையும் வாங்கிக்கொண்டார். ஆனால் மின்பலகைக்கு மேலேயும் அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்திலும் மட்டுமே ஜி.ஐ. பைப் இருந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளேயும் மாடியின் கைப்பிடிச் சுவரோரமும் ஓடியது, அலுமினிய பெயிண்ட் அடித்த மெல்லிய பி.வி.சி. பைப்.

மழைக்காலம் வந்ததும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆனது. ஏ.சி. இயந்திரத்தில்தான் கோளாறு என்று ஒப்பந்ததாரர் சாதித்தார். ஏ.சி. நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்து அவுட்டோர் யூனிட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோதும் டிரிப் நிற்கவில்லை. ஆகவே கோளாறு லைனில்தான் என்பது உறுதியாயிற்று. ஒயரின் இன்சுலேஷனை (மின்காப்பை) அளக்கும் மெகர் கருவி வைத்துச் சோதித்தபோது, ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இன்சுலேஷன் அளவு அதற்கு மிகவும் கீழே இருந்தது. வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்திருந்த பைப், இணைப்புகளில் வெடித்து மழைநீரை உள்ளே விட்டிருந்தது. பெண்ட் என்னும் வளைவுத் துண்டு வாங்கிப் போடாமல் நெருப்பில் காட்டி வளைத்த இடங்களில் பைப் நசுங்கியிருந்ததால், ஒயரை வலிந்து இழுத்ததில் மேலுறை உரிந்திருந்தது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பதற்றம் தந்தது ஒன்று உண்டு. இடையில் பி.வி.சி. வந்துவிட்டதால், மாடியில் இருந்த ஜி.ஐ. துண்டுக்கு எர்த் தொடர்பே இல்லை. அதன் முனையில், ஒயர் உரசாமல் காக்கும் வளையமான புஷ்ஷும் போடவில்லை. வெட்டிய கூர்விளிம்பு உரசி ஒயர் வெளிப்பட்டு அந்த இரும்பைத் தொட்டிருந்தால், எந்தப் பிரேக்கரும் விழாமலேயே பைப் முழுவதிலும் மின்சாரம் இருந்திருக்கும். ஈரத்தரையில் நின்று அதைத் தொடும் துப்புரவுப் பணியாளரின் உயிருக்கே அது ஆபத்தாகியிருக்கும்.

பி.வி.சி. பைப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டடத்துக்குள், சுவரில் பதித்தோ சீலிங்குக்கு மேலேயோ ஓட்டுவதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கனமான ரகம் தாராளமாகப் போதும். உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் ஜி.ஐ. துருப்பிடிக்கும் என்பதால், நிழலான இடங்களில் பி.வி.சி.யே மேல். நேர் வெயில் படும் இடத்தில் சாதாரண பி.வி.சி. நிலைக்காது என்பதால்தான் நாங்கள் ஜி.ஐ. கேட்டோம்.

எனவே, வேலை உத்தரவில் 'நல்ல தரமான பைப்' என்று எழுத விடாதீர்கள். இரும்பு என்றால் ஐ.எஸ். 9537 என்ற இந்தியத் தரநிலையின் பகுதி 2, பி.வி.சி. என்றால் அதே தரத்தின் பகுதி 3 என்றும், பைப்பின் விட்டம், கனம், எந்தப் பகுதியில் எது என்றும் எழுதி வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் மூடும் முன் நீங்களே ஏறி, காந்தம் வைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடித்த பி.வி.சி.யில் அது ஒட்டாது. இரும்பு பைப்பாக இருந்தால், மூன்று பேஸும் நியூட்ரலும் ஒரே பைப்பில் போகின்றனவா என்று கேளுங்கள். தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் காந்தப்புலத்தால் பைப்பே சூடாகும். மெகர் சோதனை அறிக்கை கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு வழக்கறிஞர் சொன்னது ஏமாற்றமாக இருந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுவோரை நுகர்வோராகக் கொள்வதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்வோருக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே உரிமையியல் நீதிமன்றத்தை நாடுவதற்கு முன்படியாக, அந்த விலைப்புள்ளியையும் மெகர் அளவுகளையும் இணைத்து ஒப்பந்ததாரருக்கு அறிவிக்கை அனுப்பியிருக்கிறோம். பழைய பைப் முழுவதையும் கழற்றிவிட்டு, உரிமம் பெற்ற வேறொரு ஒப்பந்ததாரரைக் கொண்டு மறுபடி ஒயரிங் செய்துகொண்டோம்.