காத்தான்குடிக் கடைகளில் கருஞ்சீரக எண்ணெய்: எதை வாங்கலாம், எதை நம்பக்கூடாது

காத்தான்குடியிலும் கல்முனையிலும் கருஞ்சீரக எண்ணெய் இல்லாத மருந்துச்சரக்குக் கடை அரிது. கண்ணாடிப் போத்தல், வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல், கெப்சியூல் என மூன்று விதமாகக் கிடைக்கிறது. "கென்சருக்கும் நல்லது" என்ற சொல்லும் கூடவே வருகிறது. எண்ணெயின் தரம் ஒன்று, அந்தச் சொல் வேறொன்று.

விதையில் 30 முதல் 40 சதவீதம் எண்ணெய். காரமும் மருந்துக்குணமும் தரும் தைமோகுயினோன் அதில் சிறு பங்குதான், அதுவும் எளிதில் ஆவியாகிவிடும். வெளிச்சமும் சூடும் அதைக் கெடுக்கும். ஆகவே வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள். சூடேற்றாமல் பிழிந்து, கடும் பழுப்புக் கண்ணாடியில் அடைத்த 100 மில்லி போத்தலே நம் தேர்வு. பெரிய போத்தல் லாபம் போலத் தெரியும். ஆனால் நம்மூர் வெக்கையில் பாதி முடியுமுன் சிக்கு வாடை வந்துவிடும். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

நாக்கில் சில துளி விட்டுப் பாருங்கள். முதலில் கசப்பு, பிறகு தொண்டையில் மிளகுக் காரம் ஏற வேண்டும். வழவழவென்று சப்பென இறங்கினால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது, அல்லது பழசு. விதை வாங்கி ஆட்டுபவர்கள் வெங்காய விதைக் கலப்பைக் கவனிக்க வேண்டும். கருஞ்சீரகம் மூன்று மூலையாக, மேல் சொரசொரப்பாக, உள்ளே வெள்ளையாக இருக்கும். உள்ளங்கையில் கசக்கினால் மூக்கில் ஏறும். வெங்காய விதையில் அந்த மணமே இராது.

கெப்சியூல் கசப்பைத் தவிர்க்கும், அவ்வளவே. 500 மில்லிகிராம் கெப்சியூல் ஒன்பது சேர்ந்தால்தான் ஒரு தேக்கரண்டி எண்ணெய்.

இனி "கென்சருக்கும் நல்லது" என்ற அந்தச் சொல். ஆய்வுகூடத் தட்டில் தைமோகுயினோன் புற்றுக் கலங்களைக் கொல்வது உண்மை. ஆனால் உடம்பு தட்டு அல்ல. விழுங்கியதைக் குடலும் ஈரலும் மாற்றிவிடும். இரத்தத்துக்கு வந்ததையும் அல்புமின் புரதம் பிடித்துக்கொள்ளும். சவூதியில் முற்றிய புற்றுநோயாளருக்கு நாளொன்றுக்கு 2600 மில்லிகிராம் வரை தைமோகுயினோனையே கொடுத்துப் பார்த்து, 2009 இல் முடிவை வெளியிட்டார்கள். புற்றுக்கு எதிரான பலன் தெரியவில்லை. நூற்றுக்கு ஒரு பங்கு தைமோகுயினோன் உள்ள நல்ல எண்ணெயில் அந்த அளவைப் பெற ஐம்பது தேக்கரண்டிக்கு மேல் குடிக்க வேண்டும்!

செடியில் புற்றுமருந்தே இல்லை என்பதல்ல இதன் பொருள். மணல் வளவுகளில் தானாக முளைக்கும் பட்டிப்பூவிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின், 1960களிலிருந்து பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அது பிரித்தெடுத்து, அளந்து, நாளத்தில் மட்டுமே ஏற்றும் மருந்து. அந்த இலையை வீட்டில் அவித்துக் குடிப்பது நஞ்சைக் குடிப்பதுதான்.

நம்மைக் கவலைப்படுத்துவது இன்னொன்று. கருஞ்சீரகத்தைத் தொடர்ந்து எடுத்தால் ஈரலின் இரண்டு நொதியங்கள், CYP2D6 என்பதும் CYP3A4 என்பதும், மந்தமாகலாம் என மனிதரில் செய்த சோதனை காட்டியது. மார்புப் புற்றுநோய்க்குத் தரும் தமொக்சிஃபென் குளிசை முதல் நொதியத்தால்தான் முழு வேலை செய்யும் வடிவுக்கு மாறுகிறது. வின்கிறிஸ்டின் போன்றவை இரண்டாவதால் உடைகின்றன. உடையாமல் தேங்கினால் நரம்பு பாதிக்கும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர்களுக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். சத்திரசிகிச்சைக்கு இரண்டு கிழமை முன்பே நிறுத்த வேண்டும்.

சுகதேகிகள் நாளுக்கு அரைத் தேக்கரண்டி, சாப்பாட்டோடு எடுக்கலாம். வெறும் வயிற்றில் எரியும். லேபிளில் "புற்றுநோயைக் குணமாக்கும்" என்று அச்சடித்த எந்தப் போத்தலையும் வாங்க வேண்டாம். மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் குடிக்குமுன் போத்தலைக் கிளினிக் கொப்பியோடு எடுத்துப்போய் டொக்டரிடம் காட்டுங்கள்.