குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளிச் சிகிச்சை: 5 ஆண்டுகள், 3 சுற்றுகள்

முழங்கைகளிலும் முதுகிலும் படர்ந்த, செதில் திட்டுகளை உண்டாக்கும் தோல் நோயான சொரியாசிஸுக்காகக் கடந்த 5 ஆண்டுகளில் மூன்று சுற்றுகள் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை எடுத்திருக்கிறேன். வாரத்துக்கு 3 முறை வீதம் ஏறத்தாழ 30 அமர்வுகள் கொண்டது ஒரு சுற்று. அந்த ஒளி தோலுக்குள் என்ன செய்கிறது என்பது விளங்கிய பிறகே இதை நான் ஒழுங்காகப் பின்பற்றினேன் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒளி அந்தத் திட்டுகளைச் சுட்டு உதிர்த்துவிடுகிறது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அது தவறு. சொரியாசிஸில் தோலிலுள்ள டென்ட்ரிடிக் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின் 23 என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்பட்ட, டி செல்கள் என்னும் மற்றொரு வகை நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின் 17-ஐ வெளியிட, அதைப் பெற்ற மேல்தோல் செல்கள் அளவின்றிப் பெருகுவதோடு, மேலும் நோயெதிர்ப்புச் செல்களை வரவழைக்கும் சமிக்ஞைகளையும் தாமே அனுப்புகின்றன. சில வாரங்கள் எடுக்க வேண்டிய மேல்தோல் புதுப்பிப்பு சில நாள்களில் முடிந்து செதில்களாகக் குவிவது இந்தச் சுழற்சியால்தான்.

இந்த 311 நானோமீட்டர் ஒளி யு.வி.பி என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் பெரும்பகுதி மேல்தோலிலேயே உறிஞ்சப்படுகிறது. அங்கே டி.என்.ஏ சேதமடைகிறது; தோலில் இயல்பாக இருக்கும் யூரோகானிக் அமிலம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. இவை இன்டர்லூகின் 10, புராஸ்டாகிளாண்டின் ஈ2 போன்ற, நோயெதிர்ப்பைத் தணிக்கும் சமிக்ஞைகளைக் கிளப்புகின்றன. மேல்தோலில் காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் குறைகின்றன, டி செல்களில் பல மடிகின்றன, எதிர்ப்பை அடக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்கள் வலுப்பெறுகின்றன. இவையெல்லாம் ஒரே நாளில் நேர்வதில்லை. எனக்கு முதல் 8 அமர்வுகள் வரை கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை. பிறகு செதில் மெலிந்தது, 25ஆம் அமர்வில் நிறமாற்றம் மட்டுமே மிஞ்சியது.

இரண்டாம் சுற்றில் இரு வாரம் போக முடியவில்லை. திரும்பியபோது இடைவெளியை நான் சொல்லவில்லை, இயக்குபவரும் கேட்கவில்லை. பழைய அளவே கொடுக்கப்பட்டது. ஒளி படப்படத் தடித்தும் கருத்தும் தன்னைக் காத்துக்கொள்ளும் தோல், இடைவெளியில் அந்தத் தாங்குதிறனை இழக்கிறது. அன்று இரவே முதுகு சிவந்து, மறுநாள் எரிச்சல் உச்சத்துக்குப் போனது. இடைவெளி விட்டால் அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும், இதை நோயாளியே கேட்டுப் பெற வேண்டும்.

அதே சுற்றில் உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளம் வந்தது. நரம்பில் உறங்கிக்கிடந்த வைரஸ் புற ஊதா ஒளியால் விழித்தெழலாம் என்றும், சொரியாசிஸை அடக்கும் அதே எதிர்ப்புத் தணிவு இதற்கு இடம்கொடுக்கிறது என்றும் மருத்துவர் விளக்கினார். அதன்பின் முகத்தை மூடிக்கொண்டே ஒளி விளக்குகள் சூழ்ந்த சிகிச்சைக் கூண்டுக்குள் நிற்கிறேன். கண்களைக் காக்கும் கண்ணாடியையும் பிறப்புறுப்புக்கான மறைப்பையும் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவை கட்டாயம். டாக்ஸிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி போன்ற, தோலை ஒளியால் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்து எடுத்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

அமர்வுகளின் எண்ணிக்கையையும் குறித்துவைக்கிறேன். 1970களில் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கே எலிகளில் செய்த ஆய்வு, புற ஊதா ஒளி தோலில் புற்றை உண்டாக்குவதோடு, அதை விரட்ட வேண்டிய எதிர்ப்பையும் அடக்குகிறது என்று காட்டியது. குறுகிய அலைவரிசை ஒளி, சோராலென் மருந்தோடு தரப்படும் யு.வி.ஏ (இன்னொரு வகைப் புற ஊதா ஒளி) சிகிச்சையைவிடப் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை முழு உடல் தோல் பரிசோதனையை நான் தவறவிடுவதில்லை.

முதல் சுற்றின் பலன் 7 மாதம் நீடித்தது, இரண்டாவதன் பலன் 5 மாதம். இரண்டு முறையும் திட்டு திரும்பியது இடது முழங்கையின் அதே இடத்தில். தோல் தெளிந்த பிறகும் அவ்விடத்திலேயே தங்கி, பழைய எதிர்ப்பை மீண்டும் தொடங்கக்கூடிய நினைவு டி செல்கள் இதற்கு முக்கியக் காரணம். மூன்றாம் சுற்று முடிந்து 4 மாதமாகிறது. முதுகு தெளிவாக இருக்கிறது. அந்த முழங்கையை மட்டும் தினமும் காலையில் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.