பேப் ரூத்தா, ஓட்டானியா?

பேஸ்பால் ஆட்டத்தில் இவர்களில் யார் பெரியவர்? 1920-இல் யாங்கீஸ் அணிக்காக பேப் ரூத் அடித்த ஹோம் ரன்கள் (பெரும்பாலும் எல்லைச் சுவரைத் தாண்டும் அடிகள், கிரிக்கெட் சிக்ஸர் போல) 54. அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எதுவுமே, மொத்த அணியாகச் சேர்ந்தும், அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 2024-இல் டாட்ஜர்ஸ் அணியின் ஷோஹெய் ஓட்டானியும் அதே 54 அடித்தார். கூடவே 59 பேஸ்களையும் திருடினார், அதாவது சக வீரரின் அடிக்குக் காத்திராமல் ஓடியே அடுத்த பேஸைப் பிடித்தார். ரூத்தின் உடம்புவாகுக்கு அந்த ஓட்டமெல்லாம் கொஞ்சம் அதிகம்தான்!

எண் ஒன்றுதான், ஆனால் எடை வேறு. ரூத் காலத்துப் பெரிய லீகுகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை. ஜாக்கி ராபின்சன் வந்து அந்தக் கதவைத் திறந்தது 1947-இல். அப்படியானால் ரூத் சந்தித்த பந்துவீச்சாளர்கள் அன்றைய சிறந்தவர்களில் ஒரு பகுதியினர் மட்டுமே. ஓட்டானி எதிர்கொள்வதோ பல நாடுகளிலிருந்து பொறுக்கியெடுத்த கைகளை.

சரி, பந்துவீச்சு? ரூத் பந்துவீச்சாளராக மொத்தம் 94 ஆட்டங்களை வென்றவர். ஆனால் யாங்கீஸுக்குப் போனதும் அதை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஓட்டானி 2022-இல் ஒரே பருவத்தில் 15 வெற்றி, 34 ஹோம் ரன். தன் காலத்தவரை விட்டு விலகி நின்ற தூரத்தை அளந்தால் ரூத். ஆட்டத் திறமையை மட்டும் பார்த்தால் என் ஓட்டு ஓட்டானிக்கே.